புதிய கிராபிக்ஸ் கார்டு, பழைய வேகம்

மேசைக் கணினியில் புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகும் விளையாட்டுகள் முன்போலவே திக்கித் திணறினால், வாங்கிய பொருள் பழுதானது என்றோ, இன்னும் விலையுயர்ந்த ஒன்றை வாங்கியிருக்க வேண்டும் என்றோ பலர் முடிவுகட்டிவிடுகின்றனர். விளையாட்டின் ஒவ்வொரு காட்சியும் செயலி, நினைவகம், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் ஆகியவற்றைக் கடந்தே கண்ணுக்கு வருவதால், அவற்றுள் மெதுவானது எதுவோ அதுவே முழுக் கணினியின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. எந்த உறுப்பு மற்றவற்றைக் காக்கவைக்கிறது என்று அளந்தறியாமல் மீண்டும் பணம் செலவிடுவது வீண்.

விளையாட்டின் வேகத்தை ஒரு நொடியில் வரையப்படும் படங்களின், அதாவது பிரேம்களின், எண்ணிக்கையால் குறிப்பர். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிநொடியும், 144 என்றால் ஏறத்தாழ 7 மில்லிநொடியும் கிடைக்கின்றன. சராசரி 60 ஆகவே இருந்தாலும் இடையிடையே ஒரு பிரேம் மட்டும் 80 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் காட்சி தடுக்கி விழுவதுபோல் தோன்றும். சராசரி இந்தக் குறையை மறைத்துவிடுகிறது என்பதை டெக் ரிப்போர்ட் ஆசிரியர் ஸ்காட் வாசன் 2011இல் விரிவாக எடுத்துக்காட்டிய பின்னரே, ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் தனித்தனியே அளக்கும் முறை ஆய்வாளர்களிடையே பரவியது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள், பிரேம் நேரத்தையும் கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு, வெப்பம் ஆகியவற்றையும் விளையாட்டின் மேலேயே காட்டுவதால், இந்த அளவீடு இன்று எவர் கைக்கும் எட்டக்கூடியதே.

அந்த அளவீட்டில் கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு 95 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்து, வெப்பமும் வரம்புக்குள் இருந்தால், கார்டு தன்னால் இயன்ற அளவுக்கு உழைக்கிறது என்று கொள்ளலாம். பிரேம் எண்ணிக்கைக்கு எந்த வரம்பும் வைக்காத நிலையிலும் அது 50, 60 விழுக்காட்டிலேயே நின்றால், பெரும்பாலும் செயலிதான் அதைக் காக்கவைக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர்: டாஸ்க் மேனேஜரில் செயலியின் மொத்த உழைப்பு 30 விழுக்காடு என்றே தெரியும், ஆனால் பல விளையாட்டுகளின் முதன்மைக் கணக்கு ஓரிரு கோர்களின் மீதே விழுவதால், எட்டு கோர்களில் ஒன்று மூச்சுமுட்ட உழைக்க, எஞ்சியவை சும்மா இருப்பதை அந்த மொத்தக் கணக்கு காட்டுவதில்லை. ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. விளையாட்டின் தெளிவுத்திறனை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். பிரேம்கள் கூடினால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது, கூடவில்லையென்றால் செயலியிலோ நினைவகத்திலோ இருக்கிறது.

தடை சில வேளைகளில் இரண்டு உறுப்புகளுக்கும் இடையிலுள்ள பாதையிலும் இருக்கக்கூடும். 2022 ஜனவரியில் வெளிவந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மதர்போர்டுடன் பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழித்தடங்கள் வழக்கமாக 16 இருக்க, இந்தக் கார்டில் 4 மட்டுமே உள்ளன. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அவை நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி தரவைக் கடத்தும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலோ அது பாதியாகிவிடுகிறது. கார்டின் சொந்த நினைவகமும் 4 ஜிபி மட்டுமே என்பதால், அது நிறைந்தவுடன் மிச்சத் தரவு இந்தக் குறுகிய பாதை வழியே வந்துபோக நேர்கிறது. காட்சி திணறுவது அப்போதுதான். பழைய கணினிக்குப் புத்துயிர் தர விரும்பியவர்களுக்கான விலையில் விற்கப்பட்ட கார்டு, பழைய மதர்போர்டில்தான் மிகவும் தளர்ந்தது என்பது வருந்தத்தக்கது.

செலவே இல்லாமல் தீரக்கூடிய குறை நினைவகத்தில் உள்ளது. 3200 என்று அச்சிட்டு விற்கப்படும் டிடிஆர்4 ராம், பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்கும் வரை 2133 அல்லது அதையொட்டிய பாதுகாப்பான வேகத்திலேயே ஓடக்கூடும். சிபியு-இசட் மென்பொருள் இதில் பாதி எண்ணையே காட்டும் என்பதால், அங்கே 1600 என்று தெரிந்தால்தான் 3200 சரியாக இயங்குகிறது என்று பொருள். ஒற்றை ராமுக்குப் பதிலாக ஒரே வகையான இரண்டைப் பொருத்தினால் தரவு இரு தடங்களில் பாயும். நான்கு ஸ்லாட் கொண்ட போர்டுகளில் அவை பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் அமர வேண்டும்.

மற்றவற்றைப் பார்க்கச் சில நிமிடங்களே போதும். மானிட்டரின் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் அமைப்பில் 60-இலேயே நிற்கவும் கூடும். பழைய கார்டின் டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவதும், செயலியின் ஹீட் சிங்க் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டிருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் நல்லது. செயலி அதன் வெப்ப வரம்பை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்லாட் வழியே கார்டுக்கு 75 வாட் வரையே கிடைப்பதால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இணைப்புகள் முழுவதும் செருகப்பட்டுள்ளனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

இவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது. ஒரே விளையாட்டின் ஒரே காட்சியை வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து, எண்களைக் குறித்துக்கொண்டே செல்க. அதன் பிறகும் தடை செயலிதான் என்று எண்கள் சொன்னால், அடுத்த செலவு செயலிக்கே உரியது.