அறிவும் பயனும்: இலங்கையிற் குடும்பத் திட்டம்

ஒன்றை அறிதல் வேறு. அதனாற் பயன்கொள்ளுதல் வேறு. இலங்கையிற் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தோன்றியது. 1965இல் அரசு அப்பணியைத் தன் கொள்கையாக ஏற்றது. 1975ஆம் ஆண்டு ஆய்வின்படி, மணமான பெண்டிருள் நூற்றுக்கு 90 பேருக்கு மேற்பட்டோர் கருத்தடை முறையொன்றையேனும் அறிந்திருந்தனர். கையாண்டோரோ ஏறத்தாழ 32 பேரே. ஆகவே, இவ்விடைவெளிக்கு அறியாமை மட்டும் காரணமன்று. நிலையத்தின் தொலைவு, பக்கவிளைவு பற்றிய அச்சம், கணவரின் மறுப்பு, பிறரிடம் வினவ நாணம் என்பனவும் தடைகளாகும். இல்லந்தோறுஞ் செல்லும் மருத்துவமாது இவற்றுட் பலவற்றைக் களைகின்றாள். கருவுற்ற காலத்திலேயே அறிமுகமானவளிடம் தாய் தன் ஐயத்தைக் கூசாது கேட்கின்றாள். 2016இல் கையாண்டோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 65 ஆயிற்று. எனினும், தொகையின் உயர்வொன்றே வெற்றியாகாது. முறையைத் தெரிவு செய்தலும் மறுத்தலும் அப்பெண்ணின் உரிமையாதல் வேண்டும்.