புழு ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் வண்டு பிழைக்குமா? நீங்களே சோதிக்கலாம்!

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஏரிக்கரை, சாலையோரம், வீடு கட்டாமல் கிடக்கும் மனை என மிஞ்சிய இடங்களில்தான் மாடுகள் மேய்கின்றன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சாணத்தை மண்ணுக்குள் கொண்டு சேர்ப்பவை சாணி வண்டுகள். அவை சாணத்தைப் புதைத்து, அதில் முட்டையிடுகின்றன. இதனால் மண்ணுக்கு உரம் கிடைக்கிறது, ஈத்தொல்லையும் குறைகிறது.

குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி இந்த வேலையைக் கெடுக்கக்கூடும். மருந்தின் பெரும்பகுதி மாட்டின் உடலில் சிதையாமல் சாணத்தோடு வெளியேறுகிறது. ஊசி போட்ட சில நாள்களில் சாணத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறைகிறது. வளர்ந்த வண்டுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், குஞ்சுப்புழுக்கள்தான் சாகும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-ல் இதைச் சோதித்தார்கள். இந்த மருந்தை நாள்தோறும் சிறிது சிறிதாக உடலில் கசியவிட்ட மாடுகளின் சாணம், 100 நாள் கழித்தும் மட்காமல் கிடந்தது. மருந்து கொடுக்காத மாடுகளின் சாணம் பெருமளவு மட்கிவிட்டது.

சோதிப்பது எப்படி?

மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் காலமே ஏற்றது.

1. அடியில் துளையிட்ட 6 பழைய வாளிகளை, சில அடி இடைவெளியில், விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி நிழலில் புதையுங்கள். ஒரே இடத்து ஈரமண்ணை முக்கால் வாளி நிரப்புங்கள்.

2. ஊசி போட்ட 3 முதல் 5-ம் நாளுக்குள், ஈ மொய்க்கும் முன் சாணத்தை எடுத்து, 3 வாளிகளில் தலா 1 கிலோ வையுங்கள். அதே தீவனம் தின்னும், மருந்து போடாத மாட்டின் சாணத்தை மற்ற மூன்றில் வையுங்கள். வாளிகளில் அடையாளம் இடுங்கள்.

3. 5 நாள் திறந்து வைத்து, பிறகு கொசுவலையால் கட்டுங்கள்.

4. அடுத்த 6 வாரங்கள், வெளிவரும் ஈக்களையும் வண்டுகளையும் எண்ணிக் குறித்து வாருங்கள்.

முதல் நாளில் எத்தனை வண்டு வந்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மருந்துள்ள சாணத்துக்கும் வண்டு வரும். எத்தனை குஞ்சு பிழைத்தது என்பதே கணக்கு.

கேள்வி: அப்படியானால் புழு மருந்தே கொடுக்கக் கூடாதா?

கொடுக்கலாம், தேவை அறிந்து கொடுங்கள். கால்நடை மருந்தகத்தில் முதலில் சாணப் பரிசோதனை செய்யுங்கள். புழு முட்டை இருந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். பென்பெண்டசோல் போன்ற மருந்துகளால் வண்டுகளுக்குப் பாதிப்பு குறைவு. உங்கள் மாட்டுக்கு அது பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள். கறவை மாட்டுக்கு நீங்களாக ஐவர்மெக்டின் போடாதீர்கள். மருந்து பாலிலும் இறங்கும். எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் ஊசி போடுவதைத் தவிர்த்தால், மருந்தில்லாத சாணம் கொஞ்சமாவது வண்டுகளுக்கு மிஞ்சும். ஊசி போட்ட மாட்டைச் சில வாரங்கள் கொட்டிலில் கட்டி, சாணத்தைக் குப்பைக்குழியில் சேர்த்து, நன்றாக மட்கிய பிறகே வயலில் இடுங்கள்.

சோதித்துப் பார்த்தவர்கள், இரண்டு வகை வாளிகளின் எண்ணிக்கையையும் எங்களுக்கு எழுதுங்கள்.