கொம்பில் தடுக்கும் வாசிப்பு

“பாடப்புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிறாள். கடைப் பலகையைக் காட்டினால் விழிக்கிறாள். ஏன்?” இரண்டாம் வகுப்பு படிக்கும் சிறுமியின் தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது.

அவள் இன்னும் வாசிக்கவில்லை. படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து, நினைவில் உள்ளதை ஒப்பிக்கிறாள். முன்பின் பார்த்திராத சொல்லையும் எழுத்துக்கூட்டி ஒலிக்கத் தெரிந்தால்தான் அது வாசிப்பு.

தமிழில் 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. துணைக்குறிகள் பிடிபட்டால் 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி வசமாகிவிடும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அவற்றைத் தனியே பழக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் கொம்பில் இருக்கிறது. ‘பொம்மை’ என்ற சொல்லை நிதானமாகப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, பிறகு ‘ப’, அதன்பின் துணைக்கால். ஒலியிலோ ‘ப்’ முந்துகிறது, ‘ஒ’ பிந்துகிறது. கொம்பைக் கண்ட பிள்ளை வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். ‘ப’வைக் கடந்து, கால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ‘பொ’, இல்லையென்றால் ‘பெ’. பெரியவர்கள் நொடியில் தாண்டிவிடும் இந்த இடத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு அத்தனை வேலை! ‘பெம்மை’ என்று எழுதினால் அது கவனக்குறைவு அல்ல. கொம்பைப் பிடித்தவள் காலை விட்டிருக்கிறாள், அவ்வளவுதான். செல்பேசியில் ‘ப’வைத் தட்டி, அடுத்து ஒகரக் குறியைத் தட்டிக் காட்டுங்கள். கொம்பு முன்னால் தாவி உட்காரும். கணினியின் யூனிகோடு முறை ஒலியின் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கிறது.

வரலாறு சுருக்கமாக: எகர ஏகார வேறுபாட்டுக்கு இன்றைய வடிவம் வந்தது 18ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவரால். ணை, லை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் 1978 அரசாணையால் மாறின. கொம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எழுத்துக்கூட்டுவது பூக்கட்டுவது போல. முதலில் ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். பழகியபின் பேசிக்கொண்டே விரல் கட்டும். ஒரு சொல்லைச் சில தடவை தானே கூட்டி வாசித்தால் அது மனத்தில் பதிந்து, பார்த்தவுடன் பிடிபடும். உளவியலாளர் டேவிட் ஷேர் 1995இல் விளக்கிய ‘தானே கற்றல்’ இதுதான். பேச்சில் பழகிய சொல் ஈரநார், முடிச்சு சட்டென இறுகும். கேட்டறியாத சொல் காய்ந்த நார், நழுவும். மனப்பாடமோ கடையில் வாங்கிய முழம்: சூடிக்கொள்ளலாம், அதை வைத்து அடுத்த முழம் கட்டப் பழக முடியாது.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் கற்கிறார்கள். பிள்ளை அரும்பில் இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கன்னடப் பிள்ளைகளிடம் சோனாலி நாக் நடத்திய ஆய்வில், உயிர்மெய் எழுத்துகள் முழுமையாக வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆனது. ‘முப்பதே நாளில் சரளம்’ என்னும் செயலிகளையும், கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் ‘மிட்பிரெயின்’ வகுப்புகளையும் நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

தினமும் பத்து நிமிடம் போதும். படத்தை மூடிவிட்டு, புதிய சொற்களைக் கூட்டச் சொல்லுங்கள். தடுக்கினால் விடையைச் சொல்லிவிடாமல் காத்திருங்கள். வாசித்த சொல்லையே வாய்விட்டுச் சொல்லி எழுத வையுங்கள்.