அறியாத மரம் அடுப்புக்கு ஆகுமா?

புயலில் சாய்ந்த புறம்போக்கு மரத்தை ஏலத்தில் எடுக்குமிடத்தும், புதிதாய் வாங்கிய நிலத்தைத் திருத்துமிடத்தும் பெயர் தெரியாத வைரமரம் கைக்கு வருவதுண்டு. கோடரிக்கு இடங்கொடாத மரமெல்லாம் நல்ல விறகென்று குடியானவர்கள் கருதுவது பாதி உண்மையே.

நன்கு உலர்ந்தபின், எந்த ஜாதி மரமாயினும் கிலோ ஒன்றுக்குத் தரும் உஷ்ணத்தில் பெரும் பேதமில்லை. இலவும் கருவேலும் நிறைக்கு நிறை ஏறக்குறையச் சமமே. ஆயின் இலவங்கட்டை அடுப்பை அடைத்துக்கொண்டு விரைவில் எரிந்துபோகும். கருவேலோ சிறிய இடத்தில் அடங்கி, நெடுநேரம் கனன்று, கரியும் நிறையத் தரும். ஆகவே கனமே முதற்குறி. உலர்ந்த துண்டொன்றைப் பலகைபோல் தட்டையாகச் செதுக்கித் தண்ணீரில் மிதக்கவிடுக. அதன் கனத்தில் பத்தில் ஏழு, எட்டுப் பங்கு அமிழுமாயின் விறகுக்கு ஏற்றதே. பச்சை மரத்தில் இச்சோதனை பயன்படாது. நீர் கோத்திருப்பதால் இலேசான மரமும் ஆழ அமிழும்.

நிறுத்து வாங்குவோர் ஏமாறுவதும் இந்நீரினாலேதான். வெட்டிய மரத்தின் நிறையில் பாதி நீராயிருத்தல் உண்டு. அத்தகைய விறகு 100 கிலோ வாங்கினால், காய்ந்தபின் 60 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும், அவ்வளவே. ஒரு துண்டைப் பிளந்து நிறுத்து, காற்றாட நிழலில் வைத்து, வாரந்தோறும் நிறுத்து வருக. நிறை குறைவது நின்றதும் கணக்கு விளங்கும். காய்ந்த கட்டையின் முனைகளில் வெடிப்பு ஓடும். பட்டை கழன்று வரும். இரண்டைத் தட்டினால் கணீரென்னும்.

இவையனைத்தும் பொருந்தினும், பாலும் புகையும் பாராமல் வீட்டினுள் எரித்தல் ஆகாது. பிச்சாவரம் முதலிய கழிமுகங்களில் வளரும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும். அதன் புகையும் கண்ணை உறுத்தும். சேங்கொட்டை மரத்தின் சாறு பட்ட தோல் கொப்புளிக்கும். அரளி விறகின் புகை நஞ்சு. வெட்டுமிடத்தில் பால் கசிந்தாலும், வெட்டினவர் கையில் அரிப்புக் கண்டாலும் அம்மரத்தை அடுப்பிலிடாது ஒதுக்குக. அவ்விதக் குறி காணாதபோதும், முதலில் வெட்டவெளியில், காற்று வரும் பக்கம் நின்று சிறிது எரித்துப் பார்க்கலாம். பொறி தெறிப்பதும் கூரை வீட்டுக்கு ஆகாது.

பழகாததாலேயே ஒரு மரத்தைத் தள்ளவும் வேண்டா. இன்று நம் மாவட்டங்கள் பலவற்றில் அடுப்பெரிக்கும் சீமைக்கருவேலும் 1870-களில் அயல்நாட்டினின்று வந்ததே.

ஏலம் கூறுமுன் கிராம அதிகாரிகள் இலை, பூ, காயுடன் ஒரு கொப்பை வனத்துறை அலுவலகத்தில் காட்டிப் பெயரறிந்து கொள்வது நலம். அம்மரம் சட்டத்தால் காக்கப்பட்ட ஜாதியாயின், வெட்டிய பின்பு அறிவதால் பயனில்லை.