கார் ஆலை மூடினால் யார் தாங்குவார்கள்?

ஆந்திராவின் சித்தூரிலிருந்து வடக்கே வரும் சாலை புத்தலப்பட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை திருப்பதிக்கும், இன்னொன்று பீலேரு வழியாகக் கடப்பா பக்கமும் போகிறது. ஜூன், ஜூலை வந்தால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளைத் தேடி இந்த வழியாகத்தான் வரிசை கட்டும். மாங்காய் சீசன் முடிந்தாலும் சாலையில் லாரி குறைவதில்லை. அவற்றில் பலவும் சுமந்து போவது பேட்டரி.

அந்த பேட்டரியின் வேர் இந்த மண்டலத்திலேயே இருக்கிறது. புத்தலப்பட்டு மண்டலத்தின் பேட்டமிட்டா கிராமத்தில் பிறந்தவர் கல்லா ராமச்சந்திர நாயுடு. அமெரிக்காவில் பொறியாளராக இருந்தவர், ஊர் திரும்பி 1985இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் ஆலை எழுந்தது. 2000இல் 'அமரான்' பேட்டரி சந்தைக்கு வந்தது. பேட்டமிட்டாவிலும் துணை ஆலை வந்தது. பேட்டரிக்கு வேண்டிய உலோக, பிளாஸ்டிக் பாகங்களை அங்கே செய்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள் என்றால், அதன் பின்னால் எங்கோ ஒரு கார் விற்றிருக்கிறது.

அப்படியானால் கார் ஆலை மூடினால் என்ன ஆகும்? இதற்கு முழு விடை சொல்லும் நாடு ஆஸ்திரேலியா.

அங்கே 1925 முதல் ஃபோர்டும், 1948 முதல் ஹோல்டனும் கார் செய்தன. 2016 அக்டோபர் 7ஆம் தேதி ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 3இல் டொயோட்டாவும், அக்டோபர் 20இல் அடிலெய்டை அடுத்த எலிசபெத் நகரின் ஹோல்டன் ஆலையும் மூடின. கடைசியாக ஒரு சிவப்புக் கமடோர் கார் ஆலையை விட்டு வெளியே வந்தது. தொழிலாளர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதோடு ஒரு நாட்டின் கார் தொழில் முடிந்தது.

காரணம் ஒன்றல்ல. 1980களில் இறக்குமதிக் கார்களுக்கு அங்கே 57.5 சதவீத வரி இருந்தது. படிப்படியாகக் குறைந்து 2010இல் அது 5 சதவீதமானது. தாய்லாந்தோடு 2005இல் வந்த தடையற்ற வணிக ஒப்பந்தம் அங்கிருந்து பிக்கப் வண்டிகள் குவிய வழி திறந்தது. இன்னொரு பக்கம், சுரங்கத் தொழில் கொழித்ததால் ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு ஏறியது. 2001இல் அமெரிக்க நாணயத்தில் 50 சென்ட்டுக்கும் கீழே கிடந்த அந்த டாலர் 2011இல் 1.10 அமெரிக்க டாலரைத் தொட்டது. இரும்புத் தாது விற்றவருக்கு அது யோகம். கார் ஏற்றுமதி செய்தவருக்குக் கேடு. மொத்தச் சந்தையே ஆண்டுக்குப் பதினோரு லட்சம் கார்கள்தான். அதையும் அறுபதுக்கு மேற்பட்ட பிராண்டுகள் பங்கு போட்டுக்கொண்டன. பெரிய கார்களை விட்டு மக்கள் சிறிய கார்களுக்கும் எஸ்யூவிக்கும் மாறினார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, பாகம் செய்பவர்களுக்கு நேர்ந்த கதி. ஒரு பம்பர் அச்சுக்கு ஒரு கோடி ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பம்பர் அடித்தால் ஒன்றின் மேல் விழும் அச்சுச் செலவு 100 ரூபாய். 20,000 மட்டுமே அடித்தால் 500 ரூபாய். ஆஸ்திரேலியாவில் மூன்று கார் கம்பெனிகளுக்கும் பெரும்பாலும் ஒரே வெண்டர்கள்தான். ஃபோர்டு மூடுவதாக 2013 மே மாதம் அறிவித்தது. டிசம்பரில் ஹோல்டன் அறிவித்தது. வெண்டர்களின் ஆர்டர் கரைந்தால், மிச்சமிருக்கும் ஒரே வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு பாகத்தின் விலையும் ஏறும். இரண்டே மாதத்தில், 2014 பிப்ரவரியில், டொயோட்டாவும் கையை விரித்தது. மூன்று கால் முக்காலியில் இரண்டு கால் போன பிறகு மூன்றாவது மட்டும் எப்படி நிற்கும்? உதிரிபாகத் தொழிலையும் சேர்த்தால் 40,000 பேர் வரை வேலை இழக்கக்கூடும் என்று அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2014இல் கணித்தது.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை. புத்தலப்பட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மறைமலை நகரில், 2021 செப்டம்பர் 9ஆம் தேதி அதே ஃபோர்டு அதே முடிவை அறிவித்தது. 1990களின் நடுவில் இந்தியாவுக்கு வந்து, 1999இல் ஐகான் காரால் பெயர் வாங்கிய கம்பெனி. மறைமலை நகரிலும் குஜராத்தின் சனந்திலும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் கார் செய்யும் திறன் இருந்தது. அதில் கால்வாசிகூட ஓடவில்லை. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி கணக்குச் சொன்னது. மகிந்திராவோடு கூட்டுச் சேரும் திட்டமும் கைவிடப்பட்டிருந்தது. 2022 கோடையில் நல்ல இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த ஜூலையில் கடைசி எகோஸ்போர்ட் வெளியேறியது.

நிரந்தரத் தொழிலாளிக்காவது பேசிப் பெற ஒரு தொகை இருந்தது. கேன்டீனில் சமைத்தவர், பஸ் ஓட்டியவர், வெண்டர் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்தவர் எந்த மேசையிலும் உட்காரவில்லை. அவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தது யார்?

அதே ஃபோர்டுக்கு பேட்டரி கொடுத்த நிறுவனங்களில் அமர ராஜாவும் உண்டு. ஃபோர்டு போனபோது அது சாயவில்லை. அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அதன் சரக்கு ஒரே கம்பெனியை நம்பியதில்லை. மாருதி, ஹூண்டாய், மகிந்திரா எனப் பல வாசல்களுக்குப் போனது. அதைவிடப் பெரிய வாசல், தெருவோர பேட்டரி கடை. புதுக் கார் விற்றாலும் விற்காவிட்டாலும், ஓடுகிற காரின் பேட்டரி சில ஆண்டுகளில் உயிரை விடும். அன்று அதன் சொந்தக்காரர் கடைக்கு வந்தே ஆக வேண்டும். எலிசபெத்தின் வெண்டர்களுக்கு இல்லாத பாதுகாப்பு இது.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கும் ஆயுள் உண்டு. கார்கள் மின்சாரத்துக்கு மாறுகின்றன. ஈய பேட்டரியின் இடத்தை லித்தியம் பிடித்து வருகிறது. பிஸ்டன், சைலன்சர், பெட்ரோல் டேங்க் செய்யும் பட்டறைகளுக்கு மின்சாரக் காரில் வேலையே இல்லை. அமர ராஜா தன் லித்தியம் ஆலைக்கு 2022 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது தெலங்கானா அரசோடு. இடம் மகபூப்நகர் மாவட்டம், முதலீடு 9,500 கோடி ரூபாய். நம் மண்ணில் பிறந்த நிறுவனத்தின் அடுத்த தலைமுறை ஆலை நம் மண்ணுக்கு வரவில்லை. சொந்த ஊர்க்காரர் முதலாளி என்பதால் மட்டும் ஆலை ஊரோடு கட்டுண்டு கிடக்காது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

மறைமலை நகருக்கு ஃபோர்டு திரும்புகிறது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். 2029 முதல் எஞ்சின் உற்பத்தி. மகிழ்ச்சிதான். அதில் சொல்லப்பட்ட வேலைகள் அறுநூற்றுச் சொச்சம். மூடியபோது அங்கே இருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் 2,600 பேர் அளவுக்கு.

திருப்பதி மாவட்டத்தின் சத்தியவேடு பக்கம் இன்று நம்பிக்கை நிறைந்திருக்கிறது. ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு, சின்னபாண்டூரில் 2020 முதல் அப்பல்லோ டயர்ஸ். இன்னும் பல வரட்டும். ஆனால் ரிப்பன் வெட்டும் நாளிலேயே மூடும் நாளைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டும். நிலம், தண்ணீர், வரிச் சலுகை வாங்கும் கம்பெனி, மூடுவதற்கு எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன தர வேண்டும் என்பதை அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். சிறு வெண்டர்கள் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைப் பிடிக்க அரசு கடன் கொடுத்து உதவட்டும். சித்தூர், திருப்பதி ஐடிஐகளில் லித்தியம் பேட்டரிப் பாடம் இன்றே தொடங்கட்டும்.

பேட்டமிட்டா பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் முப்பது ஆண்டு உழைக்கும் வயது இருக்கிறது. அதுவரை ஈய பேட்டரி காத்திருக்காது.