எடை கூடினால் சந்தோஷப்படாதீர்கள்!

"சரியாச் சாப்பிடவே இல்லை டாக்டர்... ஆனாலும் மூணே நாள்ல ஒரு கிலோ ஏறிட்டான்!"

ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை நடந்த வார்டில் ஓர் அம்மா இப்படிப் பூரித்தால், டாக்டரின் முகம் மாறிவிடும். ஏன்?

தலசீமியா, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு இந்தச் சிகிச்சை மறுவாழ்வு தருகிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே ஆரம்பமாகிவிட்டது. புது செல்களை ஏற்றுவதற்கு முன் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்க, புசல்ஃபான் போன்ற கடுமையான மருந்துகளைக் கொடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்!

கல்லீரலுக்குள் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஏராளம். மருந்தின் வேகத்தில் அவற்றின் உட்சுவர் புண்ணாகி, வீங்கி, பாதை அடைத்துக்கொள்ளும். சிங்க் அடைத்தால் தண்ணீர் தேங்குமே, அதே கதைதான். ரத்தம் தேங்கி, அதிலுள்ள நீர் வயிற்றுக்குள் கசிகிறது. ஆக, ஏறியது சதை அல்ல, தண்ணீர்! இதற்கு 'வீனோ அக்லூசிவ் டிஸீஸ்', சுருக்கமாக வி.ஓ.டி. என்று பெயர்.

யாருக்கு வரும்?

கைக்குழந்தைகளுக்கும், ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். அடிக்கடி ரத்தம் ஏற்றி, கல்லீரலில் இரும்புச்சத்து படிந்துபோன தலசீமியா குழந்தைகளும் இதில் அடக்கம். பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள் வரும். சில குழந்தைகளுக்குத் தாமதமாகவும் வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை கூடும், வயிறு உப்பும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். தட்டணுக்கள் ஏற்றினாலும் எண்ணிக்கை நிற்காது. 'கண்ணு மஞ்சளா இல்லையே' என்று அசட்டையாக இருக்காதீர்கள். குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை இல்லாமலே இது வரும்.

20 கிலோ குழந்தை 21-ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மெஷினில் எடை பார்க்கச் சொல்வதும், வயிற்றை டேப் வைத்து அளப்பதும் இதற்காகத்தான். 'தூங்கறான், நாளைக்குப் பார்த்துக்கலாம் சிஸ்டர்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

லேசான வி.ஓ.டி. தானாகவே சரியாகிவிடும். கடுமையானால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். அந்த நிலையில் தக்க சிகிச்சை இல்லையென்றால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை. இதற்கென்றே உள்ள டிஃபைப்ரோடைடு மருந்தை அமெரிக்கா 2016-ல் அங்கீகரித்தது. விலை அதிகம்தான். ஆனால், சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் ரத்தம் உறையலாம். ரத்த அழுத்தம் எகிறுவது அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். எனவே செக்கப்பைத் தவறவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்தோ, டானிக்கோ வேண்டவே வேண்டாம்.

பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு, மெதுவாகச் சதை போடட்டும். அப்போது தாராளமாகச் சந்தோஷப்படலாம்!