பெர்லினைத் தாண்டி வந்தவர்கள்

1943 டிசம்பர் 16-ஆம் தேதி மாலை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு மேற்கே இருக்கும் போர்ன் என்ற சிற்றூரின் விமானத் தளத்திலிருந்து 21 லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் ஏழு பேர். போக வேண்டிய இடம் பெர்லின். பீரங்கிகளும் இரவுச் சண்டை விமானங்களும் காவல் காத்த அந்த நகரத்துக்குப் போனவற்றில் ஒன்றே ஒன்றுதான் எதிரியிடம் பறிபோனது. அந்நாளைய கணக்குக்கு அது நல்ல இரவு. மற்ற இருபதும் வட கடலைக் கடந்து வந்து பார்த்தால், கீழே இங்கிலாந்தையே காணோம். தரையோடு தரையாகப் பனிமூட்டம் படிந்திருந்தது. விடிவதற்குள் அந்த இருபதில் ஏழு இல்லாமல் போயின. அந்த ஏழில் ஒன்றைக்கூட எதிரி சுட்டு வீழ்த்தவில்லை.

அது பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 97-வது ஸ்குவாட்ரன். அதன் எண்ணோடு 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்ற பெயரும் சேர்ந்தே வழங்கியது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய அந்தக் காலனி போருக்குக் கொடுத்த நிதிக்காகச் சூட்டிய பெயர். துறைமுகத்திலும் தோட்டத்திலும் கடைவீதியிலும் தமிழர் வேர்விட்டிருந்த மண் அது. இதேபோல் 102-வது ஸ்குவாட்ரனுக்கு 'சிலோன்' என்றும், 264-வது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றும் பெயர் உண்டு. ஆனால் 97-இன் பெயர்தான் என் மனதை அதிகம் தைக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்குப் பிறகு போர் முடியும்வரை, பிறர் பிடியில் சிக்கிக் கிடந்த ஊர்களின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த இளைஞர்கள் ஜெர்மனிக்கு மேலே பறந்தார்கள்.

சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாவது மாதம் வந்தது ஆக்ஸ்பர்க். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு டீசல் எஞ்சின் செய்த எம்.ஏ.என். தொழிற்சாலை ஜெர்மனியின் தெற்கே, வெகு உள்ளே இருந்தது. ஏப்ரல் 17 அன்று, பட்டப்பகலில், மரங்களின் தலையை உரசுகிற உயரத்தில் 12 லான்காஸ்டர்கள் அங்கே போயின. 44-வது ஸ்குவாட்ரனிலிருந்து ஆறு, 97-இலிருந்து ஆறு. திரும்பியவை ஐந்து. கிளம்பிய 85 பேரில் 49 பேர் வரவில்லை. அவர்களில் 37 பேர் இறந்துபோனார்கள், மற்றவர்கள் சிறைபட்டார்கள். 97-இன் மைகாக், தீப்பிடித்த விமானத்தைத் திருப்பாமல் இலக்குவரை ஓட்டிக் குண்டைப் போட்டுவிட்டு மாண்டார். அணித் தலைவர் ஷெர்வுட்டின் விமானம் தரையில் மோதியபோது அவர் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, நம்ப முடியாதபடி உயிர் பிழைத்தார். அதே அணியில் எர்னஸ்ட் டெவரில் என்ற விமானியும் இருந்தார். அவருடைய எஞ்சின் ஒன்றில் தீப் பற்றியது. அதை அணைத்து, அடிபட்ட விமானத்தை ஊர் கொண்டுவந்து சேர்த்தார். இத்தனைக்கும் தொழிற்சாலையில் விழுந்த 17 குண்டுகளில் ஐந்து வெடிக்கவே இல்லை.

டெவரிலின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு லான்காஸ்டரின் ஏழு பேர் என்றால் விமானி, எஞ்சின் பொறுப்பாளர், வழிகாட்டி, குண்டு எறிபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், நடுமேல் துப்பாக்கிக்காரர், வால் துப்பாக்கிக்காரர். பெரும்பாலும் இருபதைத் தொட்டும் தொடாமலும் இருந்த வயது. யார் யாரோடு பறப்பது என்று மேலதிகாரி பட்டியல் போடவில்லை. பயிற்சி முகாமில் எல்லோரையும் ஒரே கூடத்தில் விட்டு, நீங்களே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். முகம் பார்த்து, ஒரு வார்த்தை பேசி, சேர்ந்துவிட்டால் அதன்பின் சாவும் பிழைப்பும் ஒன்றாகத்தான். வால் கூண்டில் இருப்பவருக்கு இரவு முழுக்கத் தனிமை. குளிர் உறைநிலைக்கு 40 டிகிரி கீழேகூடப் போகும். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மடிந்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவு.

1943 ஏப்ரலில் 97-வது ஸ்குவாட்ரன் 'பாத்ஃபைண்டர்' படையில் சேர்ந்து போர்னுக்கு வந்தது. மற்றவர்களுக்கு முன்னே போய் வண்ண ஒளிக்குண்டுகளைப் போட்டு இலக்கைக் காட்டுவது அவர்கள் வேலை. வழி கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர்களுக்கே அந்த டிசம்பர் இரவில் சொந்த ஓடுபாதை கண்ணில் படவில்லை என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

பெர்லின் போய்வந்த களைப்பு, தொட்டியில் வடிந்துகொண்டிருக்கும் பெட்ரோல், கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்துக்கொண்டே இருக்கும் பல குரல்கள். தளத்துக்கு மேலே அடுக்கடுக்காக வட்டமிட்டுத் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். முறை வந்து இறங்கினால் ஓடுபாதையின் விளக்குகள் ஒரு கணம் தெரிந்து மறையும். மறுபடி மேலே ஏற வேண்டும். எரிபொருள் தீர்ந்தவர்களுக்கு இரண்டே வழி: பாராசூட்டில் குதிப்பது, அல்லது கண்ணை நம்பாமல் தரையை நோக்கி இறங்குவது. அருகிலிருந்த கிரேவ்லி தளத்தில் 'ஃபைடோ' இருந்தது. ஓடுபாதையின் இரு பக்கமும் குழாய் பதித்து, அதில் பெட்ரோலை எரித்து, அந்தச் சூட்டில் பனிமூட்டத்தை விலக்கும் ஏற்பாடு. போர்னில் அது இல்லை. டெவரில் கிரேவ்லியைத் தேடிப் போனார். ஆக்ஸ்பர்க்கின் பகல் வெளிச்சத்தில் எரியும் எஞ்சினோடு பிழைத்து வந்த அந்த மனிதரின் விமானம், நெருப்பு மூட்டி வைத்திருந்த அந்த ஓடுபாதைக்கு அருகே தரையில் மோதியது. அவரோடு இருந்தவர்களில் ஒருவர்தான் மிஞ்சினார்.

படை முழுவதையும் எடுத்துக்கொண்டால் அன்றிரவு எதிரியால் போனவை 25 லான்காஸ்டர்கள். திரும்பி வந்து சொந்த நாட்டில் நொறுங்கியவையும் கைவிடப்பட்டவையும் 29. இங்கிலாந்து மண்ணில் இறந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர். அன்று வியாழக்கிழமை, 'கறுப்பு வியாழன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இவர்களை நினைப்பவன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே இரவில் பெர்லினில் நூற்றுக்கணக்கானோர் குண்டுகளுக்கு இரையானார்கள். அவர்களில் வேலைக்காக ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்டிருந்த வெளிநாட்டுப் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அந்தப் போரைத் தொடங்கியது ஹிட்லர் ஆட்சி என்பதாலோ, விமானத்தில் இருந்தவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்பட்ட பையன்கள் என்பதாலோ கீழே இருந்தவர்களின் மரணம் சிறிதாகிவிடாது. கீழே இறந்தவர்களை எண்ணி மேலே இறந்தவர்களை மறப்பதும் நியாயமில்லை. பிரிட்டன் நெடுங்காலம் அதைத்தான் செய்தது என்று நினைக்கிறேன். ஹாம்பர்க், டிரெஸ்டன் போன்ற நகரங்களின் அழிவு போருக்குப் பிறகு உறுத்தத் தொடங்கியது. 1945 மே மாத வெற்றி உரையில் சர்ச்சில் குண்டுவீச்சுப் படையைத் தனித்துப் பாராட்டவில்லை. அதற்கெனத் தனிப் பதக்கமும் தரப்படவில்லை. உத்தரவு போட்டவர்களின் கூச்சத்தைப் பறந்தவர்கள் சுமந்தார்கள்.

லண்டன் கிரீன் பார்க்கில் நினைவுச் சின்னம் திறக்க 2012 ஜூன் 28 வரை ஆனது. அங்கே நிற்பது தளபதியின் சிலை அல்ல. இப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கியவர்களைப் போன்ற ஏழு பேர். குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் அங்குள்ள கல்வெட்டு சேர்த்தே நினைக்கிறது. அதைப் பொறித்தவர்களுக்கு என் வணக்கம். கறுப்பு வியாழனுக்கு மட்டும் ஒரு மகள் புத்தகமே எழுதினார். அந்த விபத்துகளில் ஒன்றில் தப்பிய 97-இன் வீரர் ஒருவரின் மகள் ஜென்னி கிரே, தன் தந்தையின் கூட்டாளிகளைத் தேடி எழுதிய 'ஃபயர் பை நைட்' அது.

ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்ற காலனி 1946-இல் கலைக்கப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிய ஸ்குவாட்ரனும் 1967-இல் கலைந்தது. லிங்கன் நகரில் 2018-இல் திறந்த குண்டுவீச்சுப் படை மையத்தின் சுவர்களில் ஏறத்தாழ 58,000 பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சண்டையில் விழுந்தவர், பயிற்சியில் விழுந்தவர், பனிமூட்டத்தில் விழுந்தவர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. மையத்தின் இழப்புப் பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாசகர் அதில் 97-வது ஸ்குவாட்ரனைத் தேடினால், தம் ஊரின் பெயரில் பறந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகப் படிக்க முடியும்; எர்னஸ்ட் டெவரிலும் அவர்களில் ஒருவர்.